சளி பிடித்த வளர்ப்புச் சேவல்: வைத்துக்கொள்வதா, அகற்றுவதா? ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் ஒரு தோட்டத்து வீடு. தந்தை, தாய், பாட்டி, பதினொரு வயது மகள். வீட்டில் ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. எல்லாமே சிறுவிடை என்ற சிறிய நாட்டுக்கோழி இனம். சேவலுக்கு இரண்டு வயது, எடை 1.8 கிலோ. குஞ்சாக இருந்தபோதே தாய்க்கோழியைக் கீரி பிடித்துவிட்டதால் அது மகளின் கையில் வளர்ந்தது. கூப்பிட்டால் ஓடிவரும், மடியில் ஏறி உட்காரும். அந்த வீட்டில் அதைக் கறிக்கோழிக் கணக்கில் யாரும் வைத்ததில்லை. பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் இதற்குப் பங்கு உண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டிலிருந்து சுமார் 70 மீட்டர் தள்ளி ஒரு நாட்டுக்கோழிப் பண்ணை. அங்கே 180 கோழிகள். பண்ணைக்காரர் முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளாக விற்பவர். இரண்டு இடங்களுக்கும் நடுவே வேலி இல்லை. எருக்குப்பை மேட்டில் இரு பக்கத்துக் கோழிகளும் ஒன்றாகத்தான் கிளறும்.

வெள்ளைக்கழிச்சல் என்ற ராணிகெட் நோய்க்கான தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்டிருந்தன. ஏழாம் நாளில் லசோட்டா என்ற கண் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் ராணிகெட் (ஆர்.டி.) ஊசி, அதன் பிறகு கால்நடைத் துறை முகாமில் ஆண்டுக்கு ஒரு முறை.

ஐப்பசியில் இந்தச் சேவலை மகளின் தாய்மாமன் தன் வீட்டுப் பெட்டைகளுடன் இணை சேர்க்கக் கேட்டு வாங்கிப் போனார். பன்னிரண்டு நாள் அங்கே இருந்தது. அவர் சந்தையில் புதிதாக வாங்கியிருந்த நான்கு பெட்டைகளில் ஒன்றுக்கு மூக்கொழுகல் இருந்தது பின்னர் விசாரித்தபோதுதான் தெரிந்தது. சேவல் திரும்பி வந்த அன்று இரவே பழைய கூண்டில் பெட்டைகளோடு அடைக்கப்பட்டது. நோய் வீட்டுக்குள் வந்த வழி இதுதான் என்று பின்னர் கணிக்கப்பட்டது.

கவனித்தவை

திரும்பி வந்த ஐந்தாம் நாள் விடியற்காலையில் தும்மல் கேட்டது. கூவும் குரல் கரகரத்தது. ஏழாம் நாள் வலது கண்ணின் உள்மூலையில் சோப்பு நுரை போலச் சின்னச் சின்னக் குமிழ்கள். எட்டாம் நாள் கண்ணுக்குக் கீழே மெத்தென்ற வீக்கம். இரை எடுத்தது, ஆனால் முன்பு போல இல்லை. எச்சம் இயல்பாக இருந்தது. கொண்டையின் நிறம் மாறவில்லை.

தந்தை முதலில் சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்து உருட்டிக் கொடுத்தார். உருண்டையாகக் கொடுத்தவரை பெரிய கெடுதல் இல்லை. ஒன்பதாம் நாள் அதே மருந்தை எண்ணெயில் கலக்கி வாயில் ஊற்றியபோது சேவலுக்குப் புரையேறி, சில நிமிடங்கள் மூச்சு முட்டியது. கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் பின்புறத்திலேயே திறந்திருக்கும். மூக்கடைத்த கோழி வாயாலும் மூச்சு விடும் என்பதால், ஊற்றுகிற திரவம் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். மூச்சுச் சிரமம் உள்ள கோழிக்கு எதையும் வாயில் ஊற்றக் கூடாது.

அன்றைக்கே தீவனக் கடையில் என்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாங்கி, அளவு பார்க்காமல் எல்லாக் கோழிகளுக்கும் பொதுவான தண்ணீர்த் தட்டில் இரண்டு நாள் கலந்து வைத்தார்கள். பதினொன்றாம் நாள்தான் கால்நடை மருத்துவரிடம் போனார்கள். அதற்குள் இரண்டு பெட்டைகளும் தும்மத் தொடங்கியிருந்தன.

முதலில் எவை இல்லை என்று பார்த்தது

கோழிக்குச் சளி என்றால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். என்ன நோய் என்று பெயர் வைப்பதற்கு முன், பொறுக்கவே கூடாத இரண்டு நோய்கள் இல்லை என்று உறுதி செய்வதுதான் மருத்துவரின் முதல் வேலையாக இருந்தது.

ஒன்று பறவைக் காய்ச்சல். வீட்டிலோ பண்ணையிலோ திடீர்ச் சாவு உண்டா, ஊரில் காக்கை, வாத்து ஏதும் செத்துக் கிடந்ததா, கொண்டை நீலம் பாய்ந்ததா, காலின் செதில்களுக்கு அடியில் ரத்தக் கசிவு தெரிகிறதா என்று கேட்டும் பார்த்தும் அறிந்துகொண்டார். எதுவும் இல்லை. ஒரு பறவையில் தொடங்கி ஆறு நாளாக மெதுவாக நகர்ந்த நோய் அது. பறவைக் காய்ச்சல் வழக்கமாக அப்படி வராது. இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்ற பதில் வந்திருந்தாலும் சேவலை அசைக்காமல், அறுத்துப் பார்க்காமல், அங்கிருந்தே கால்நடைத் துறைக்குச் சொல்லியிருப்பார். அப்படிச் சொல்வது சட்டப்படியான கடமையும்கூட.

இரண்டாவது வெள்ளைக்கழிச்சல். தடுப்பூசி போட்ட கோழிக்கும் லேசான வடிவில் வரக்கூடும். பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்துத் திருகல், செட்டை தொங்கல், நடைத் தள்ளாட்டம் ஆகிய எதுவும் இல்லை. ஆனாலும் மாதிரி எடுக்கும்போது இதற்கும் சேர்த்தே எடுப்பதென்று முடிவாயிற்று.

மற்றவை வரிசையாக ஒதுக்கப்பட்டன. வாய்க்குள் மஞ்சள் படலம் இல்லாததால் தொண்டை அம்மை இல்லை. இருமலில் ரத்தம் இல்லாததால் குரல்வளை மூச்சுக்குழல் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. கூண்டின் எரு ஈரமாகி அம்மோனியா நெடி அடித்தது உண்மைதான். குனிந்து முகர்ந்தால் கண் எரிந்தது. அது கண்ணீரை விளக்குமே தவிர, கண்ணடி வீக்கத்தை விளக்காது.

மிஞ்சியவை கொரைசா, மைக்கோபிளாஸ்மா என்ற இரண்டு பாக்டீரியா நோய்கள். கொரைசா வேகமானது. தொற்றிய ஒன்று முதல் மூன்று நாளில் முகம் வீங்கி, மூக்கிலிருந்து அழுகல் நாற்றம் வீசும். மைக்கோபிளாஸ்மா மெதுவானது. ஆறு நாள் முதல் மூன்று வாரம் கழித்துத் தலைகாட்டும். கண்ணில் நுரை கட்டுவதும், இரவில் கூண்டருகே நின்றால் கொர்கொர் என்று கேட்பதும் அதன் அடையாளங்கள். இந்தச் சேவலிடம் நாற்றம் இல்லை, நுரை இருந்தது.

தனிமைப்படுத்திய விதம்

ஆய்வு முடிவு வரும் வரை சேவல் வீட்டின் தெற்கு மூலைத் தாழ்வாரத்துக்கு மாற்றப்பட்டது. கூண்டிலிருந்து 15 மீட்டர் தூரம், காற்று பெட்டைகளின் பக்கம் வீசாத மூலை. இரண்டடிக்கு மூன்றடி கம்பிக் கூண்டு, கீழே நெல் உமி, தனித் தண்ணீர்ச் சட்டி, தனித் தீவனத் தட்டு.

வேலை வரிசையை மாற்றியதும் பெரிதும் உதவியது. காலையில் முதலில் பெட்டைகள், கடைசியில்தான் சேவல். சேவலைத் தொட்டவர் சோப்புப் போட்டுக் கை கழுவாமல், சட்டையும் செருப்பும் மாற்றாமல் மறுபடி பெட்டைக் கூண்டுப் பக்கம் போகக் கூடாது. மைக்கோபிளாஸ்மா கிருமிக்குச் செல்சுவர் கிடையாது. வெளியில் விழுந்தால் சில நாட்களுக்கு மேல் தாங்காது. ஆனால் அந்தச் சில நாட்களுக்குள் சட்டை, இறகு, தலைமயிர் என எதில் ஒட்டியும் 70 மீட்டரைக் கடந்துவிடும்.

பழைய கூண்டை முதலில் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, அதன் பிறகே பிளீச்சிங் கரைசல் தெளித்தார்கள். எச்சத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது பல வீடுகளில் வழக்கம். அதனால் பயனில்லை. அழுக்குடன் வினைபுரிந்தே குளோரின் தீர்ந்துபோகும்.

மகளிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. மைக்கோபிளாஸ்மாவும் கொரைசாவும் மனிதருக்கு ஒட்டாது. ஆனால் இன்னும் பெயர் உறுதியாகாத நோய். வெள்ளைக்கழிச்சல் கிருமி கையிலிருந்து கண்ணுக்குப் போனால் மனிதருக்கும் கண் சிவந்து வீங்கும். பறவைக் காய்ச்சல் இல்லை என்பதும் அப்போதைக்குக் கணிப்பு மட்டுமே. எனவே முடிவு வரும் வரை அவள் கூண்டுக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கலாம், பேசலாம், தொடவோ முத்தமிடவோ கூடாது என்று சொல்லப்பட்டது. காரணத்தையும் சேர்த்துச் சொன்னதால் அவள் மீறவில்லை.

மாதிரியும் ஆய்வும்

செட்டை நரம்பிலிருந்து ஒரு மில்லி ரத்தம் எடுக்கப்பட்டது. மேல் அண்ணத்தில் உள்ள பிளவுக்குள் குச்சியை விட்டுச் சுழற்றிச் சளி மாதிரியும் எடுத்தார்கள். மூக்குக்கு வெளியே காய்ந்து ஒட்டியிருப்பதைத் துடைத்து அனுப்பினால் பலன் இல்லை. மரக்குச்சியில் சுற்றிய பஞ்சும் ஆகாது, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையையே அது கெடுக்கக்கூடும். செயற்கை இழைக் குச்சியில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அடுத்த நாளே நாமக்கல்லில் உள்ள ஆய்வகத்துக்குச் சேர்ப்பித்தார்கள்.

வெள்ளைக்கழிச்சல் இல்லை. மைக்கோபிளாஸ்மாவுக்கு இரண்டு ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று முரணான பதில் சொல்லின. ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு துளியுடன் நிறமேற்றிய ஆன்டிஜென் (கொன்ற கிருமிக் கலவை) ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் கலந்து பார்க்கும் சோதனையில் இரண்டு நிமிடத்துக்குள் திரிதிரியாகத் திரண்டது. அதாவது கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள் இருக்கிறது. பி.சி.ஆரிலோ கிருமி தென்படவில்லை.

குடும்பம் இரண்டாவது பதிலைப் பிடித்துக்கொண்டது. நோய் இல்லை, கூண்டைத் திறந்துவிடலாம் என்றார் தந்தை. மருத்துவர் மறுத்தார். கடை மருந்து இரண்டு நாள் உள்ளே போயிருக்கிறது. அது கிருமியின் எண்ணிக்கையைக் ஆய்வில் தெரியாத அளவுக்குக் குறைத்திருக்குமே தவிர ஒழித்திருக்காது. மறுபக்கம், தகட்டுச் சோதனையையும் தனியாக நம்பிவிட முடியாது. எண்ணெய்க் குழம்புத் தடுப்பூசி போட்ட சில வாரங்களுக்கு அது பொய்யாகத் திரளக்கூடும். இந்தச் சேவலுக்குச் சமீபத்தில் எந்த ஊசியும் போடவில்லை. ஆகவே மருந்தில்லாமல் மூன்று வாரம் விட்டு, மறுபடி மாதிரி எடுப்பதென்று முடிவாயிற்று. அந்த மூன்று வாரமும் சேவல் தனிக் கூண்டில்தான். சுவாசம் மோசமானால் மட்டுமே மருந்து.

இரண்டாம் முறை பி.சி.ஆரில் மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் உறுதியானது. அதே நாளில் ஒன்பது பெட்டைகளின் ரத்தமும் பார்க்கப்பட்டது. ஆறு பெட்டைகளுக்குத் திரண்டது.

சிகிச்சை

டைலோசின் டார்ட்ரேட் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, ஒரு லிட்டர் குடிநீரில் அரை கிராம் வீரியம், ஐந்து நாள், சேவலுக்கும் பெட்டைகளுக்கும் சேர்த்தே. தினமும் காலையில் புதிதாகக் கரைக்க வேண்டும். வேறு தண்ணீர் எங்கும் இருக்கக் கூடாது. வாய்க்கால், மாட்டுத் தொட்டி, கிணற்றடிக் குழி எல்லாம் அடைக்கப்பட்டன. வெளியே மேயும் கோழிக்குத் தண்ணீரில் மருந்து கலந்தும் பலிக்காமல் போவதற்கு முக்கியக் காரணம், அது வேறு எங்காவது குடித்துவிட்டு வருவதுதான். ஐந்து நாளும் அதன் பிறகு உறையில் குறித்த காலமும் முட்டைகளைச் சாப்பிடாமல் குழியில் போட்டு மூடினார்கள்.

பென்சிலின் வகை மருந்துகள் கிருமியின் செல்சுவரைத் தாக்கித்தான் வேலை செய்யும். சுவரே இல்லாத இந்தக் கிருமியை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் மீந்த அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துப் போடலாமா என்ற கேள்வி இந்த வீட்டிலும் எழுந்ததால் இதைக் குறிப்பிடுகிறோம்.

நான்காம் நாளே வீக்கம் வற்றியது, தும்மல் நின்றது. இந்த நோயில் ஆபத்தான கட்டம் இதுதான். பார்க்கக் குணமான கோழியின் மூச்சுக்குழாயில் கிருமி தங்கிவிடும். ஆயுள் முழுக்க அது நோயைச் சுமக்கும் பறவையாகவே எண்ணப்பட வேண்டும்.

முடிவெடுத்த நாள்

என்ன செய்வது என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். பக்கத்துப் பண்ணைக்காரரும் அழைக்கப்பட்டிருந்தார். இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும். அவருடைய பிழைப்பு குஞ்சு விற்பது. இந்தக் கிருமி முட்டை வழியாகவும் குஞ்சுக்குப் போகும். அவர் பண்ணையில் புகுந்தால் அங்கு வாங்கிய அத்தனை வீடுகளுக்கும் போய்ச் சேரும்.

பாட்டி சொன்ன யோசனை: “கருப்பணார் கோயிலுக்கு நேந்து விட்டரலாம் சாமி. உசுரோட இருக்கும், நம்ம வீட்டுலயும் இருக்காது.” அன்பில் பிறந்த யோசனைதான். ஆனால் கோயிலில் நேர்ந்து விட்ட கோழிகள் ஏற்கெனவே இருந்தன. சந்தையில் விற்பது, தாய்மாமனுக்கே திருப்பிக் கொடுப்பது ஆகியவையும் இதே காரணத்தால் தள்ளப்பட்டன. கொண்டுபோய் விடுகிற எந்த வழியும் நோயை வேறு ஒருவர் வாசலுக்கு நகர்த்துவதாகவே இருந்தது.

ஆக மிஞ்சியவை மூன்று. மருத்துவர் கையால் வலியில்லாமல் முடித்துவிடுவது, சேவலை மட்டும் ஆயுளுக்கும் தனியாக வைப்பது, எல்லாக் கோழிகளையும் ஒரே மூடிய மந்தையாக வைத்துக்கொள்வது.

பெட்டைகள் எல்லாம் தப்பியிருந்தால் முதல் இரண்டில் ஒன்றைத்தான் மருத்துவர் பரிந்துரைத்திருப்பார். ஒன்பதில் ஆறு தொற்றியிருந்த நிலையில் சேவலை மட்டும் கொல்வதால் யாருக்கும் பாதுகாப்பு கூடப் போவதில்லை. மீதி மூன்று பெட்டைகளும் ஒரு மாதத்துக்கு மேலாக அதே கூண்டில் இருந்தவை, அவற்றைச் சுத்தமானவை என்று நம்ப வழியில்லை. பத்தையும் சேர்த்து அழித்துப் புதிதாகத் தொடங்குவதே பண்ணைக்காரருக்கு முழு நிம்மதி தரும். அதை அவர் கேட்கவும் செய்தார். நியாயமான கேட்பு. விற்பனைக்கு வளர்க்கும் இடமாக இருந்தால் அதுதான் சரியான முடிவும்கூட.

இது வீட்டு வளர்ப்பு, விற்பனை கிடையாது, முட்டை வீட்டோடு சரி. அதனால் மூன்றாவது வழி ஒப்புக்கொள்ளப்பட்டது, சில நிபந்தனைகளோடு. பண்ணையில் 20 கோழிகளின் ரத்தம் இந்தக் குடும்பத்தின் செலவில் பார்க்கப்படும், ஆறு மாதம் கழித்து மறுபடியும். வேலி முழுதாக அமைந்த பின் கோழி அதை ஒரு முறை மீறினாலும் முடிவு மறுபரிசீலனைக்கு வரும்.

மூடிய மந்தை என்றால் என்ன

உள்ளே ஒரு பறவை வரக் கூடாது, வெளியே ஒரு பறவை போகக் கூடாது, முட்டை எதுவும் அடைக்குப் போகக் கூடாது. சொல்ல எளிது.

கட்டுத்தரையை ஒட்டி 20 அடிக்கு 30 அடி இடம் கோழி வலையால் அடைக்கப்பட்டது. ஆறடி உயரத்தைச் சிறுவிடை எளிதில் தாண்டிவிடும். முதல் வாரத்திலேயே இரண்டு பெட்டைகள் தாண்டின. மேலேயும் வலை போட்ட பிறகே நின்றது. ஒரு பக்கச் செட்டையின் பறக்கும் இறகுகள் பத்தையும் பாதியாக வெட்டியதும் உதவியது. இரு பக்கமும் வெட்டினால் சமநிலை கெடாது, பயனும் குறைவு. ஒரு பக்கம்தான் வெட்ட வேண்டும். இறகு உதிர்ந்து முளைத்ததும் மறுபடி வெட்ட வேண்டும். தண்டுக்குள் ரத்தம் ஓடும் இளம் இறகைத் தொடக் கூடாது. எருக்குப்பை மேடு இரண்டாகப் பிரிக்கப்பட்டது.

அடைக்கு உட்கார்ந்த பெட்டையைத் தரையிலிருந்து உயர்த்திய கம்பித் தளத்தில் நான்கு நாள் வைத்தார்கள். வயிற்றில் காற்றுப் பட்டால் அடைப் புத்தி மாறும். குஞ்சே வேண்டாம் என்பதுதான் மகளுக்கு மிகவும் கசந்தது. முட்டையை 46 டிகிரி வெப்பத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கிருமியைக் கொல்லும் முறை ஒன்று உண்டு. துல்லியமான கருவி வேண்டும், பொரிப்பும் குறையும், அப்போதும் உறுதி கிடையாது. எனவே இங்கே முயலவில்லை.

சேவலை எப்போது முடித்துவிடுவது என்பதையும் அன்றே எழுதிவைத்தார்கள். வாயைத் திறந்தே மூச்சுவிடும் நிலை ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், இரண்டு நாள் இரை எடுக்காவிட்டால், எடை 1.4 கிலோவுக்குக் கீழே போனால். ஞாயிறுதோறும் தராசில் எடை பார்ப்பது மகளின் வேலையானது. இறந்தால் கிணற்றை விட்டுத் தள்ளி மூன்றடிக் குழி, சுண்ணாம்பு, அதன்மேல் கல்.

பதினான்கு மாதங்களில் நடந்தது

அடைமழையில் சளி திரும்பியது. ஒரு பெட்டை இறந்தது. அறுத்துப் பார்த்ததில் காற்றுப் பைகள் கலங்கி, பாலாடைக் கட்டி போன்ற சீழ் படிந்திருந்தது. மைக்கோபிளாஸ்மா போட்ட பாதையில் ஈகோலை கிருமியும் நுழைந்திருந்தது. சேவலின் எடை 1.55 கிலோவரை இறங்கியது. டாக்சிசைக்ளின் ஐந்து நாள் கொடுக்கப்பட்டுத் தேறியது.

அடுத்த கோடை முடிவில் இறகு உதிர்க்கும் காலத்தில் மறுபடி தும்மல். இம்முறை மருந்து கொடுக்கவில்லை. உமியை மாற்றித் தரையைக் காயவைத்து, மழைச்சாரல் பக்கத்தை மட்டும் சாக்கால் மறைத்து மேலே காற்றோட்டம் விட்டு, கம்புடன் முருங்கைக் கீரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒன்பது நாளில் நின்றது. ஒவ்வொரு தும்மலுக்கும் மருந்து கொடுத்திருந்தால் மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்த்திருப்பார்கள்.

ஒரு பெட்டையை நாய் பிடித்தது. பதினான்காம் மாதம் ஏழு பெட்டைகளும் சேவலும் இருந்தன. சேவலின் எடை 1.7 கிலோ. கூவல் கரகரப்பாகவே நின்றுவிட்டது. பண்ணையின் இரண்டு பரிசோதனைகளிலும் ஒரு கோழிக்கும் திரளவில்லை. தாய்மாமன் வீட்டில் மூன்று கோழிகளுக்குத் திரண்டது. அவர் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, கூண்டை ஆறு வாரம் காலியாக விட்டுப் புதிதாகத் தொடங்கினார். விற்பனைக்கு வளர்க்கும் அவருக்கு அது பொருத்தமான முடிவு.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வெளியே போய்த் திரும்பும் கோழி, சொந்த வீட்டுக் கோழியே ஆனாலும், 30 நாள் தனியாக இருக்க வேண்டும். இந்தச் சேவலுக்கு ஐந்தாம் நாளே தும்மல் வந்தது. ஒரு வாரம் பஞ்சாரத்தில் ஒதுக்கியிருந்தாலே பெட்டைகள் தப்பியிருக்கக்கூடும்.

மாதிரி எடுத்த பிறகே மருந்து. கடை மருந்தின் இரண்டு நாள் மூன்று வாரக் குழப்பத்தை உண்டாக்கியது.

அண்டை வீட்டாருக்கு முதல் தும்மலிலேயே சொல்ல வேண்டும். இரு வீட்டுக் கோழிகளும் ஒரே குப்பையைக் கிளறியும் பண்ணைக்குப் பரவாதது நற்பேறு. அதைத் திட்டமாகக் கொள்ள முடியாது.

இந்த மந்தையில் கடைசிப் பறவை போன பிறகு வலையும் கூண்டும் கழுவப்பட்டு ஆறு வாரம் காலியாகக் கிடக்கும். அதன் பின் பண்ணைக்காரரின் பரிசோதிக்கப்பட்ட தாய்க்கோழிகளிடமிருந்து குஞ்சு வாங்குவதென்று இரு வீட்டாரும் பேசி வைத்திருக்கிறார்கள்.